ஒரு மெமோவும் ஐந்து நட்சத்திரங்களும்: அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பணிவாழ்க்கை

2007 ஜூலையில் சென்னைக்கு எதிரே கடலில் ஓர் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அணுசக்தியில் ஓடும் கப்பல் என்பதால் அது வரவே கூடாது என்று இடதுசாரிக் கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. கப்பலின் பெயர் ‘நிமிட்ஸ்’. அந்தப் பெயருக்கு உரியவரான செஸ்டர் நிமிட்ஸ், 23 வயதில் தன் பொறுப்பில் இருந்த கப்பலைத் தரைதட்டவிட்டு, ராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியவர். அதே ஆள் 36 ஆண்டுகள் கழித்து, அந்தக் கடற்படையில் இதுவரை நான்கு பேருக்கு மட்டுமே கிடைத்த பதவிக்கு வந்தார்.

இடையில் என்ன நடந்தது என்று பார்த்தாலே, ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பணிவாழ்க்கை எப்படி ஓடும் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். சினிமாவில் காட்டுகிற மாதிரி எந்நேரமும் பீரங்கிச் சத்தம் கேட்கிற வாழ்க்கை இல்லை அது. நிமிட்ஸின் கதையில் இன்ஜின் ரூம் வருகிறது, வகுப்பறை வருகிறது, ஃபைல் அடுக்கிய மேசை வருகிறது. போர் வரும்போது அவருக்கு 56 வயது.

முதலில் ‘கேப்டன்’ குழப்பம்

பதவிப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அதில் எல்லோரும் சறுக்குகிற இடம் கேப்டன். தரைப்படையில் கேப்டன் என்றால் இருபதுகளைத் தாண்டாத இளைஞராகக்கூட இருப்பார். நூறு சொச்சம் வீரர்கள் அவருக்குக் கீழே இருப்பார்கள். கடற்படையில் கேப்டன் என்பவர் இருபது ஆண்டுக்குமேல் பணிசெய்த பெரிய அதிகாரி, தரைப்படையின் கர்னலுக்குச் சமம். குழப்பம் இதோடு முடியவில்லை. பதவி எதுவானாலும், ஒரு கப்பலை நடத்துகிறவரை அந்தக் கப்பலில் இருப்பவர்கள் ‘கேப்டன்’ என்றுதான் சொல்வார்கள். எனவே ஒரு நாசகாரிக் கப்பலின் (டெஸ்ட்ராயர்) கேப்டன், பதவியில் பார்த்தால் கமாண்டராக இருப்பார். செய்திகளில் இது அடிக்கடி கலந்துபோகும்.

கீழிருந்து வரிசை இப்படி: என்சைன், இளநிலை லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன். ஆறு படி. கேப்டனுக்கு மேலே போனால் தோளில் நட்சத்திரம். ரியர் அட்மிரலில் இரண்டு நிலைகள், ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம். வைஸ் அட்மிரலுக்கு மூன்று, அட்மிரலுக்கு நான்கு. இந்த நட்சத்திரக்காரர்களைக் கொடி அதிகாரிகள் என்பார்கள். அவர்கள் ஏறும் கப்பலில் அவர்களுக்கென்று நட்சத்திரக் கொடி பறக்கும், அதனால் வந்த பெயர். ஐந்து நட்சத்திர ஃப்ளீட் அட்மிரல் பதவி 1944 டிசம்பரில் இரண்டாம் உலகப்போரை ஒட்டி உண்டாக்கப்பட்டது. லெஹி, கிங், நிமிட்ஸ், ஹால்ஸி ஆகிய நால்வரோடு அது நின்றுவிட்டது.

உள்ளே போகும் வாசல்கள்

நம் ஊர் காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்வது ஒரு வழி, ஐ.பி.எஸ். எழுதி நேராக அதிகாரியாக வருவது இன்னொரு வழி. அங்கேயும் அதே கதைதான். மாலுமிகளாகச் சேர்பவர்களின் ஏணி தனி. அதன் உச்சியில் ‘சீஃப்’ எனப்படும் அனுபவசாலிகள் இருப்பார்கள். அதிகாரிகளின் ஏணி தனி. நேற்று வந்த 22 வயது என்சைனுக்கு இருபது ஆண்டு அனுபவமுள்ள சீஃப் சல்யூட் அடிப்பார். ஆனால் புத்தியுள்ள என்சைன், சீஃபிடம் கேட்காமல் எதையும் செய்யமாட்டார்.

அதிகாரியாவதற்கு முக்கியமான வாசல்கள் மூன்று. மேரிலாந்து மாநிலம் அன்னபோலிஸில் 1845இல் தொடங்கிய கடற்படைக் கல்விக்கழகம் முதலாவது. நான்கு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. பதிலுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பணிசெய்ய வேண்டும். இரண்டாவது, சாதாரணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சி பெறும் திட்டம். மூன்றாவது, பட்டம் வாங்கியபின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் சில மாதப் பயிற்சி.

நிமிட்ஸ் அன்னபோலிஸுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. டெக்சாஸில் கடலே கண்ணில் படாத ஃப்ரெடரிக்ஸ்பர்க் என்ற ஊரில் 1885இல் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்த முன்னாள் கப்பல்காரர், ஊரில் ஹோட்டல் நடத்தினார். பையன் ஆசைப்பட்டது தரைப்படைக் கல்விக்கழகமான வெஸ்ட் பாயின்ட்டுக்கு. அங்கே இடம் இல்லை, வேண்டுமானால் கடற்படைக்கான தேர்வு எழுது என்று தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் சொல்ல, எழுதித் தேறினார். அன்னபோலிஸில் சேரக் காங்கிரஸ் உறுப்பினர் போன்ற ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. 1901இல், 16 வயதில் உள்ளே போனவர் 1905இல் 114 பேரில் ஏழாவதாக வெளியே வந்தார்.

பட்டாங்காஸ் சேறு

அந்தக் காலத்தில் படிப்பு முடிந்த கையோடு அதிகாரி ஆகிவிட முடியாது. இரண்டு ஆண்டு கடலில் கழிக்க வேண்டும். அதையும் முடித்து 1907இல் என்சைன் ஆனார். அதே ஆண்டு, 22 வயதில், பிலிப்பைன்ஸில் ‘டிகேட்டர்’ என்ற நாசகாரிக் கப்பல் அவர் கையில் கொடுக்கப்பட்டது. இன்றைய கணக்கில் இது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். இன்று நாசகாரிக் கப்பலில் முந்நூறு பேர் இருப்பார்கள். அதை நடத்த வரும் கமாண்டர் பதினைந்து ஆண்டுக்குமேல் பணிசெய்தவராக இருப்பார்.

1908 ஜூலை 7, இரவு. பட்டாங்காஸ் துறைமுகத்துக்குள் நுழையும்போது, திசைக்குறி எடுத்துக் கப்பல் இருக்கும் இடத்தை உறுதிசெய்யாமல் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டார் நிமிட்ஸ். ஓதம் ஏறுகிறதா வடிகிறதா என்பதையும் பார்க்கவில்லை. கப்பல் சேற்றுமேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் அசையவில்லை. இனி விடியும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், மேல்தளத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டாராம். காலையில் இன்னொரு கப்பல் வந்து இழுத்து விட்டது.

நடந்ததை மறைக்காமல் மேலிடத்துக்குத் தெரிவித்தார். விசாரணை நடந்தது. கடமையில் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு உறுதியானது. தண்டனை, ஒரு கண்டனம். நம் ஆபீஸ் பாஷையில் மெமோ. 1910 ஜனவரியில், இளநிலைப் படியில் காலே வைக்காமல் நேராக லெப்டினன்ட் ஆனார்.

இன்று இப்படி நடந்தால்? கப்பல் தரைதட்டினாலோ மோதினாலோ, விசாரணை அறிக்கை முடிவதற்கு முன்பே பல நேரம் கப்பலின் தலைமை அதிகாரி இறக்கப்படுவார். ‘தலைமை தாங்கும் திறனில் நம்பிக்கை இழந்துவிட்டோம்’ என்ற ஒற்றை வரி அறிவிப்பு வரும். அந்த வரி வந்துவிட்டால் அதன்பிறகு நட்சத்திரம் என்பது கனவுதான். 2017இல் ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’, ‘ஜான் மெக்கெய்ன்’ என்ற இரண்டு நாசகாரிகள் இரண்டு மாத இடைவெளியில் சரக்குக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்தபோது, பொறுப்பு அந்தக் கப்பல்களோடு நிற்கவில்லை. மூன்று நட்சத்திரத் தளபதிவரை பதவி போனது. உயிர்கள் போன விபத்தையும் சேற்றில் மாட்டிய கப்பலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் ‘டிகேட்டர்’ இன்று தரைதட்டியிருந்தால் நிமிட்ஸ் என்ற அட்மிரல் நமக்குத் தெரிந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

கடல் கொஞ்சம், கரை கொஞ்சம்

போர்க்கப்பல் கேட்டார், நீர்மூழ்கி கொடுத்தார்கள். 1909இல் நீர்மூழ்கி என்பது யாரும் விரும்பிப் போகிற இடமில்லை. பெட்ரோலில் ஓடும், உள்ளே புகை நெடி, எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு, இதற்கு டீசல்தான் சரி என்று வாதாடத் தொடங்கினார் நிமிட்ஸ். 1912இல் ‘ஸ்கிப்ஜாக்’ என்ற டீசல் நீர்மூழ்கியை இயக்கினார். 1913இல் டீசல் இன்ஜினைக் கற்றுவர ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பப்பட்டார்.

திரும்பி வந்தவருக்கு ‘மாமீ’ என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் இன்ஜின் பொருத்தும் வேலை. (சிரிக்க வேண்டாம், மாமீ என்பது ஓஹையோவில் ஓடும் ஓர் ஆறு.) பார்க்க வந்தவர்களுக்கு இன்ஜினைச் சுட்டிக்காட்டி விளக்கும்போது கை பல்சக்கரத்தில் மாட்டி ஒரு விரலின் பகுதி போய்விட்டது. அன்னபோலிஸ் மோதிரத்தில் சக்கரம் தடைபட்டதால் கை தப்பியது. தனியார் டீசல் கம்பெனி ஒன்று பல மடங்கு சம்பளம் தருகிறோம் வா என்றது. போகவில்லை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரிட்டன் போகும் நாசகாரிகளுக்கு வழியில் எண்ணெய் தீர்ந்துவிடும். ‘மாமீ’ நடுக்கடலில் காத்திருந்து, இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய் மாட்டி எண்ணெய் ஏற்றியது. அதற்கு வழிகண்டவர்களில் அக்கப்பலின் துணைத் தலைவராகவும் தலைமைப் பொறியாளராகவும் இருந்த நிமிட்ஸ் ஒருவர். பசிபிக் என்ற பிரமாண்டமான கடலில் 1940களில் அமெரிக்கக் கப்பல்கள் மாதக்கணக்கில் துறைமுகம் பார்க்காமல் திரிந்ததற்கு அடிப்படை இந்த எண்ணெய்க் குழாய்தான். பீரங்கிக்குக் கிடைக்கும் பேர் குழாய்க்குக் கிடைப்பதில்லை.

இதற்குப் பிறகு அவர் போன இடங்களைப் பாருங்கள். 1920இல் பேர்ல் ஹார்பரில் நீர்மூழ்கித் தளம் கட்டினார். 1922இல் நியூபோர்ட் கடற்படைப் போர்க் கல்லூரியில் ஓர் ஆண்டு மாணவர். அங்கே தரையில் சின்னச் சின்னக் கப்பல்களை நகர்த்தி ஜப்பானோடு போர் விளையாட்டு ஆடுவார்கள். காமிகாஸி தற்கொலைத் தாக்குதல் ஒன்றைத் தவிர, பின்னாளில் நடந்த எல்லாமே அந்த அறையில் ஆடிப் பார்த்ததுதான் என்று முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார். 1926இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், மேலே சொன்ன மாணவர் பயிற்சித் திட்டத்தின் முதல் பிரிவுகளில் ஒன்றைத் தொடங்கி நடத்தும் பேராசிரியர் வேலை. 1927இல் கேப்டன் பதவி. 1933இல் ‘அகஸ்டா’ என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலின் தலைமை. 1938இல் ரியர் அட்மிரல். 1939இல் வாஷிங்டனில் ஒரு மேசை.

கடலில் ஓரிரு ஆண்டு, கரையில் ஓரிரு ஆண்டு என்று மாறி மாறிப் போகும் இந்தத் தாளம் இன்றும் மாறவில்லை. மேற்பரப்புக் கப்பல்களில் போகும் ஒருவர் முதலில் இருபது முப்பது மாலுமிகள் உள்ள சிறு பிரிவுக்குப் பொறுப்பேற்பார். பிறகு கரையில் மேற்படிப்போ கற்பித்தலோ. மறுபடி கடலில் இன்ஜின், ஆயுதம் போன்ற ஒரு துறையின் தலைவர். பிறகு துணைத் தலைவர். எல்லாம் சரியாக அமைந்தால் கப்பல் தலைவர். நீர்மூழ்கிக்காரர்களுக்கும் விமானிகளுக்கும் வேறு பாதைகள் உண்டு. விமானந்தாங்கியின் தலைவர் விமானப் பிரிவிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்பது 1926 முதல் சட்டம். மருத்துவர், வழக்கறிஞர், கிடங்கு நிர்வாகி ஆகியோரும் அதிகாரிகள்தான், ஆனால் கப்பலுக்குத் தலைமை தாங்கமாட்டார்கள். 1986இல் வந்த ஒரு சட்டம், நட்சத்திரம் வேண்டுமென்றால் தரைப்படை, விமானப்படையோடு சேர்ந்து பணிசெய்த அனுபவமும் இருக்கவேண்டும் என்கிறது.

மேலே போ, இல்லையேல் வெளியே போ

பழைய கடற்படையில் பதவி உயர்வு என்றால் சீனியாரிட்டிதான். முன்னால் இருப்பவர் ஓய்வு பெறவேண்டும், இல்லை சாகவேண்டும். 1916இல் வந்த சட்டம் உயர் பதவிகளுக்குத் தேர்வுக் குழுவைக் கொண்டுவந்தது. மூத்த அதிகாரிகள் மூடிய அறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளைப் படித்து வாக்களிப்பார்கள். மேல்பதவிகளுக்கு அதன்பிறகு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலும் வேண்டும்.

இன்றைய விதிகள் 1980ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருபவை. முதல் மூன்று படிகள் ஒழுங்காக இருந்தால் கிடைத்துவிடும். சல்லடை அதற்குப் பிறகு. சுமார் பத்தாம் ஆண்டில் லெப்டினன்ட் கமாண்டர் பதவி, நூற்றுக்கு 80 பேருக்கு. பதினாறாம் ஆண்டு வாக்கில் கமாண்டர், 70 பேருக்கு. இருபத்திரண்டாம் ஆண்டு வாக்கில் கேப்டன், 50 பேருக்கு. இவை சட்டம் வைத்த இலக்குகள். ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். ஒவ்வொரு சதவீதமும் அதுவரை தப்பி வந்தவர்களில் என்பதை மறக்கக் கூடாது: லெப்டினன்டாக இருந்த நூறு பேரில் கேப்டன் ஆகிறவர்கள், இடையில் தாமாகவே விலகுபவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட, 28 பேர். இரண்டு முறை குழு கைவிட்டால் ஏணி நின்றுவிடும். இளையவராக இருந்தால் பெரும்பாலும் வேலையே போகும். கமாண்டராக இருந்தால் 28 ஆண்டு, கேப்டனாக இருந்தால் 30 ஆண்டு வரை நீடிக்கலாம். இருபது ஆண்டு முடித்தால் ஓய்வூதியம் உண்டு. நாற்பத்திரண்டு வயதில் பென்ஷனோடு வெளியே வந்து இரண்டாவது வேலை தேடும் முன்னாள் அதிகாரிகள் அங்கே ஏராளம்.

இந்தச் சல்லடை கடற்படையை இளமையாக வைத்திருக்கிறது என்பது ஆதரவாளர்கள் வாதம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஒரே துறையில் ஆழமாக இறங்குகிறவர்களை இது வெளியே தள்ளிவிடும். ஹைமன் ரிக்கோவர் கதை அதற்குச் சாட்சி. போலந்திலிருந்து சிறுவயதில் வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. கூர்மையான மூளை, அதைவிடக் கூர்மையான நாக்கு. அணுசக்தி நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டிருந்த அவரை, ரியர் அட்மிரல் பதவிக்கான தேர்வுக் குழு 1951இலும் 1952இலும் கைவிட்டது. விதிப்படி அவர் மூட்டை கட்டியிருக்க வேண்டும். காங்கிரஸ் தலையிட்டது, 1953இல் பதவி கிடைத்தது, 1955இல் ‘நாட்டிலஸ்’ என்ற அந்த நீர்மூழ்கி அணுசக்தியில் கடலுக்குப் புறப்பட்டது. 1982இல், 82 வயதில்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

நட்சத்திரங்கள் யாருடையவை?

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. பசிபிக் கடற்படைத் தளபதி ஹஸ்பண்ட் கிம்மல் பத்து நாளில் நீக்கப்பட்டார். நான்கு நட்சத்திர அட்மிரலாக இருந்தவர் இரண்டு நட்சத்திரத்துக்கு இறங்கினார். இதைப் பலரும் தண்டனை என்று நினைப்பார்கள். ஆனால் மூன்றாவது, நான்காவது நட்சத்திரங்கள் ஆளுக்குச் சொந்தமில்லை, நாற்காலிக்குச் சொந்தம். நாற்காலியை விட்டால் நட்சத்திரமும் போகும். அதே நாற்காலியில் உட்காரப்போன நிமிட்ஸ், வைஸ் அட்மிரலாக ஒருநாள்கூட இல்லாமல் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினார். டிசம்பர் 31 அன்று ‘கிரேலிங்’ என்ற நீர்மூழ்கியின் மேல்தளத்தில் பொறுப்பேற்றார். விழா நடத்த ஜப்பான்காரன் வேறு தளம் விட்டுவைக்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவர் ஏன்? 1939 முதல் அவர் உட்கார்ந்திருந்த வாஷிங்டன் மேசை, கடல்வழிப் பணியகம் என்ற பெயர் கொண்டது. உண்மையில் அது கடற்படையின் ஆள் நிர்வாகப் பிரிவு. யாரை எங்கே அனுப்புவது, யாருக்கு எது வரும், யாருக்கு எது வராது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தோற்றுப்போன தளத்துக்கு வந்து சேர்ந்ததும், கிம்மலின் ஊழியர்களை ஒட்டுமொத்தமாக மாற்றுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அவர்களை அப்படியே வைத்துக்கொண்டார். அந்த ஆட்களின் தகுதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். தாக்குதலை முன்கூட்டிச் சொல்லத் தவறியவர் என்று பெயர் கெட்டிருந்த உளவு அதிகாரி எட்வின் லேட்டனும் அதில் ஒருவர். ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜப்பானிய ரகசியக் குறியீடுகளை உடைத்தவர்களின் தகவலை லேட்டன் கொண்டுவர, அதை நம்பி நிமிட்ஸ் கப்பல்களை மிட்வே தீவருகே காத்திருக்க வைத்தார். 1942 ஜூனில் நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகள் அங்கே மூழ்கின.

1944 டிசம்பரில் ஐந்தாவது நட்சத்திரம். 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ வளைகுடாவில் ‘மிசௌரி’ கப்பலில், ஜப்பானின் சரணடைவுப் பத்திரத்தில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் அவர். பிறகு இரண்டு ஆண்டு கடற்படையின் தலைமைப் பொறுப்பு.

நம் பக்கமும் அவர் வந்திருக்க வேண்டியது. 1949இல் காஷ்மீரில் பொதுவாக்கெடுப்பு நடத்தும் நிர்வாகியாக ஐக்கிய நாடுகள் சபை அவரைத்தான் நியமித்தது. நிபந்தனைகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒத்துப்போகாததால் வாக்கெடுப்பும் நடக்கவில்லை, அவருக்கு வேலையும் வரவில்லை.

கேப்டனுக்கு 30 ஆண்டு என்ற கணக்கு ஃப்ளீட் அட்மிரலுக்குக் கிடையாது; அந்தப் பதவிக்கு ஓய்வே இல்லை. எனவே 1966 பிப்ரவரி 20 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் யெர்பா புயெனா தீவில், 81ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது இறந்த நிமிட்ஸ், ஏட்டளவில் அன்றும் பணியில் இருந்த அதிகாரி. அருகிலுள்ள சான் புரூனோ கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பக்கத்தில் அவரோடு போரில் இருந்த ஸ்புரூயன்ஸ், டர்னர், லாக்வுட் மூவரும் இருக்கிறார்கள். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இடம் வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே பேசி வைத்திருந்தார்கள்.